அண்ணன் காரின் எஞ்சினைப் பிரித்தபோது

அல்சூர், பெங்களூரு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கோலில்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவசரப்படாதே, மெதுவாக நட.

அண்ணன் கார் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். எஞ்சினைப் பிரித்தாகிவிட்டது. ஷெட்டில் பதினெட்டு வருஷம் கிடந்ததில் மூன்றாவது சிலிண்டருக்குள் ஈரம் இறங்கி, பிஸ்டன் துருவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டீசல் ஊற்றி நாலு நாள் ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டித்தான் இறக்கினோம்.

அண்ணன் கார் எம்.ஜி.ஏ., இங்கிலாந்தில் 1955 முதல் 1962 வரை செய்த ஸ்போர்ட்ஸ் வண்டி. அண்ணனுடையது முதல் வகை, 1489 சிசி. நம்ம பழைய பெட்ரோல் அம்பாசடரில் ஓடியதும் இதே பி சீரிஸ் எஞ்சின்தான். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9; இரண்டிலும் ஒன்றே. அந்த தைரியத்தில்தான் வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். ஒரு கடையில் அம்பாசடர் பிஸ்டன் செட் புத்தம் புதிதாக இருந்தது. வாங்கிவந்து பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதியதன் தலை குழிவாக இருக்கிறது, நம்முடையது தட்டை. எம்.ஜி.ஏ.வின் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் கலவையை அழுத்தும் விகிதம், 8.3-க்கு 1. குழிவான பிஸ்டனைப் போட்டால் அது இறங்கிவிடும். வண்டி ஓடும், ஆனால் அண்ணன் ஓட்டிய வண்டியாக இருக்காது. கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டேன் என்றார். எனக்கு வருத்தம்தான், பணம் சும்மா போயிற்று.

அப்புறம்தான் பழைய பிஸ்டனின் கரியைச் சுரண்டினேன். தலையில் 040 என்று குத்தியிருந்தது! ஏற்கெனவே சிலிண்டரை 40 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், கடைந்து அகலமாக்கி போர் பண்ணியிருக்கிறார்கள். இதை முதலிலேயே பார்த்திருந்தால் ஜே.சி. ரோட்டில் ஸ்டாண்டர்ட் அளவைக் கேட்டே இருக்க மாட்டேன். காரின் பெயரைச் சொல்லி சாமான் கேட்கவே கூடாது நண்பா. அறுபது வருஷத்தில் எத்தனை கை பட்டிருக்கும்? இந்த எஞ்சின் இன்று என்ன அளவில் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

இதற்கு மேல் போர் பண்ண இடமில்லை. சிவாஜிநகர் லேத்துக்காரர் நாலு சிலிண்டருக்கும் லைனர் என்ற உட்குழாய் இறக்கி ஸ்டாண்டர்டுக்கே கொண்டுவருகிறார். தட்டைத் தலை பிஸ்டன் இங்கிலாந்திலிருந்து வருகிறது.

பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு விஷயத்தில் அம்பாசடர் கைகொடுத்தது. மைக்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங் உட்காரும் இடம்) இரண்டு திசையில் அளந்தோம். 10 தௌ ஏற்கெனவே தேய்த்திருந்தார்கள், அதிலும் கோடு விழுந்திருந்தது. 20 தௌவுக்குத் தேய்த்துவிட்டு, அதற்குப் பொருந்தும் அம்பாசடர் பேரிங்கைத் தேடினால் குஜிரியில், பழைய சாமான் சந்தையில், ஒரு பெரியவரிடம் கிடைத்தது. எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காத பழைய ஸ்டாக். கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரட்டை எஸ்.யு. கம்பெனி கார்புரேட்டருக்கு ஸ்பிண்டில் (த்ராட்டில் சுழலும் தண்டு) தேய்ந்து காற்று இழுக்கிறது. புஷ் என்ற உள்வளையம் போட்டால் சரியாகிவிடும்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. உக்கடத்தில் பழைய சாமான் கடைகளுக்கு யாரையாவது அனுப்ப முடியுமா? பெட்ரோல் அம்பாசடரின் டேப்பட் (கேம்ஷாஃப்ட் தள்ள வால்வை இயக்கும் சின்ன உருளை) எட்டு வேண்டும். டீசல் வேண்டாம் என்று அழுத்திச் சொல். கேம்ஷாஃப்ட்டில் உரசும் முகத்தோடு முகம் இரண்டை வைத்துப் பார்க்கச் சொல். லேசாக ஆட வேண்டும், அந்த முகம் துளி மேடாக இருப்பதுதான் சரி. ஆடாமல் படிந்து நின்றால் தேய்ந்தது, வேண்டாம்.

கிடைத்தால் கூரியரில் அனுப்பாதே, நீயே எடுத்து வா. சாவியைத் திருப்பிவிட்டு டேஷ்போர்டில் குமிழை இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் உன்னைத்தானே இழுக்கச் சொல்வார்.

அன்புடன்,
உன் அல்சூர் நண்பன்