பேசாத பிள்ளையின் கோபம்: முதலில் உடம்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓட்டிசம் உள்ள, இரண்டொரு சொல்லுக்கு மேல் பேச்சு வராத சின்னப் பிள்ளை திடீரென்று கடிக்கவோ தலையைச் சுவரில் மோதவோ தொடங்கினால், வன்னிக் கிராமங்களில் நாவூறு என்று நூல் கட்டுவார்கள். இல்லையென்றால் செல்லம் கூடிப்போச்சு என்று அடிப்பார்கள். முன்பள்ளியில் 'கொஞ்ச நாளைக்கு வீட்டில வைச்சிருங்கோ' என்பார்கள். நூல் கட்டினால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அதோடு காதையும் பல்லையும் வயிற்றையும் பார்க்க வேண்டும்.

சில நாட்களுக்குள் குணம் மாறிய பிள்ளைக்கு எங்கேயோ நோகிறது என்று எண்ணித்தான் தொடங்க வேண்டும். காது நோகும் பிள்ளை காதோரம் அடித்துக்கொள்ளும். சூத்தைப்பல் உள்ள பிள்ளை சட்டைக் கழுத்தைக் கடிக்கும், ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லும், நேற்றுவரை தின்ற முறுக்கைத் தள்ளிவிடும். வயிறு நோகும் பிள்ளை மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்கும். மலச்சிக்கலைத்தான் பெற்றோர் அதிகம் தவறவிடுகிறார்கள். கிழமையில் இரண்டு தரமோ அதற்குக் குறைவாகவோ போனால் அது மலச்சிக்கல். உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீராகக் கசிந்து உடுப்பில் படுவதை வயிற்றோட்டம் என்று நினைத்து மருந்து கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். வெறும் சோறும் பிஸ்கட்டும் பாலும் என்று இருக்கும் பிள்ளைகளிடம் இது சாதாரணம். பால் ஒரு நாளைக்கு அரை லீற்றரைத் தாண்டினால் குறையுங்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கும் அது வழி, இரும்புச்சத்துக் குறைந்தால் நித்திரையும் குழம்பும். சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து, பத்து நிமிடம் மலசலகூடத்தில் இருத்துங்கள். கால் தொங்கக் கூடாது, கீழே ஒரு பலகை வையுங்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு அப்பியாசக் கொப்பி எடுங்கள். நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, பிள்ளை செய்தது, பிறகு நாங்கள் செய்தது: இந்த நான்கையும் இரண்டு கிழமை எழுதினால் போதும். 'காரணமில்லாமல் கத்தினான்' என்று எழுதக் கூடாது. 'லாண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) ஸ்டார்ட் பண்ணினது, போனைப் பறிச்சது' என்று கண்டதை எழுத வேண்டும். தினமும் பதினொரு மணிக்கு என்றால் பசியோ தாகமோ வெக்கையோ. கோயில் ஒலிபெருக்கி நாட்களில் மட்டும் என்றால் சத்தம். சனம் கூடுமுன் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம். கடைசி நிரலில் ஒவ்வொரு முறையும் 'பிஸ்கட் குடுத்தம்' என்று வந்தால், பிஸ்கட் கேட்கப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே வழி கத்துவதுதான் என்று அர்த்தம். அதைக் கள்ளம் என்று சொல்வது அநியாயம்.

அந்த வழிக்குப் பதில் வேறு வழி கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு மிகவும் விருப்பமான ஒரு பொருளின் படத்தில் தொடங்குங்கள். ஒருவர் பொருளோடு முன்னால் இருக்க, மற்றவர் பின்னால் இருந்து பேசாமல் பிள்ளையின் கையைப் பிடித்துப் படத்தைக் கொடுக்க வைக்க வேண்டும். படம் கைக்கு வந்தவுடனே பொருளைக் கொடுங்கள். 'வாயால சொன்னால்தான் தருவன்' என்று இழுத்தால் எல்லாம் கெட்டது. பிறகு 'தண்ணி', 'போதும்', 'நோகுது'. முதல் நாளே இருபது படம் அடுக்குவதும், கிழியும் என்று அலுமாரியில் பூட்டுவதும் வழக்கமான பிழைகள். 'போதும்' காட்டினால் உண்மையாகவே நிறுத்த வேண்டும். படம் காட்டினால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம். அதனால் பேச்சு தடைப்படுவதில்லை. கத்தலுக்குப் பொருள் கிடைக்காதபோது முதலில் கத்தல் கூடும். பொறுக்க முடியாமல் மூன்றாம் நாள் கொடுத்துவிட்டால், இன்னும் நீளமாகக் கத்தப் பழக்கியதாக முடியும்.

வெடித்து அழும் நேரத்தில் 'ஏன் இப்பிடிச் செய்யிறாய்?' என்று கேட்டுப் பயனில்லை. மற்றப் பிள்ளைகளை விலக்கி, தலைக்குக் கீழே தலையணை வைத்து, பேச்சைக் குறையுங்கள். அடங்கும்வரை யாராவது பக்கத்தில் இருந்தால் போதும்.

நித்திரை வரும் என்று சளிப்பாணி பருக்குவது வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது படபடப்பைக் கூட்டும். றிஸ்பெரிடோன் மருந்தை ஓட்டிசப் பிள்ளைகளின் எரிச்சலுக்கென அமெரிக்கா 2006இல் அங்கீகரித்தது, அதுவும் ஐந்து வயது தொடக்கம். அது பேச்சைத் தராது. பசியையும் நிறையையும் கூட்டும். நிபுணர் தந்தால் நிறையும் இரத்தச் சீனியும் பார்த்துவர வேண்டும், சொந்த முடிவில் திடீரென நிறுத்தக் கூடாது.

துணுக்காயிலிருந்தோ மாந்தை கிழக்கிலிருந்தோ பஸ் ஏறிக் கிளினிக்குக்கு வந்து சேரும்போது பிள்ளை தூங்கிவிடும். வைத்தியர் பார்ப்பதற்கு, வீட்டில் நடந்ததைப் போனில் ஒரு நிமிடம் பிடித்துக் கொப்பியோடு கொண்டு வாருங்கள். சுகாதாரத் திணைக்களத்திடம் நாம் கேட்பது இரண்டு: இந்தப் பிள்ளைகளுக்கு நேரம் குறித்துத் தந்து, வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டும், அதே நாளில் பல் வைத்தியரும் பார்க்க வழி செய்ய வேண்டும். சனம் நிறைந்த மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் காத்திருந்த பிள்ளையின் காதுக்குள் எந்த வைத்தியராலும் லைட் அடித்துப் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
சிறுவர் விருத்திச் சேவையில் பணியாற்றுவோர் சிலர்,
வன்னி.