மிச்சமிருந்த இரண்டு சொல்

பெர்லின்
நவம்பர் 2024

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பதில் எழுத நாலைந்து தடவை உட்கார்ந்தேன், ஓடவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில், நாலு வீடு தள்ளி, நடைபாதையில் இரண்டு பித்தளைக் கற்கள் பதித்தார்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான். 'ஷ்டோல்பர்ஷ்டைன்' என்பார்கள், தடுக்கி நிற்க வைக்கும் கல் என்று அர்த்தம். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை, இன்று ஐரோப்பாவில் 1,00,000 கற்களைத் தாண்டிவிட்டது. நாஜிகள் கொண்டுபோனவர்கள் கடைசியாகத் தங்கள் விருப்பப்படி வாழ்ந்த வீட்டு வாசலில் அவர்கள் பேர், பிறந்த ஆண்டு, முடிவு. இந்த இரண்டும் ஒரு யூதத் தம்பதிக்கு. 1943, ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாம்.

அவர்களுடைய பேத்தி லண்டனிலிருந்து வந்திருந்தார். எழுபது வயது இருக்கும். அவருடைய அம்மாவை 1939-இல், பன்னிரண்டு வயதில், தனியாக ரயிலேற்றி அனுப்பியிருக்கிறார்கள். முந்தைய நவம்பரில் ஜெர்மனி எங்கும் யூத ஜெபக்கூடங்களை எரித்த பிறகு, பிள்ளைகளை மட்டும் தனியாக வரவிடும் ஓர் ஏற்பாட்டுக்கு பிரிட்டன் சம்மதித்தது. போர் தொடங்குவதற்குள் சுமார் 10,000 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதில் அப்பா அம்மாவுக்கு இடமில்லை.

போர் வந்ததும் தபால் நின்றுபோனது. செஞ்சிலுவைச் சங்கப் படிவம்தான் வழி. ஒரு தடவைக்கு 25 சொல், குடும்பச் செய்தி மட்டும். போய்ச் சேரவே மாதக்கணக்காகும். 1942-இல் வந்த ஒன்றைப் பேத்தி வாசித்தார். நாங்கள் சுகம், உன் காலணி இந்நேரம் சிறுத்திருக்கும், பெரிதாகக் கேட்டு வாங்கிக்கொள். அவ்வளவுதான் மீனா. யூதர் என்று காட்டும் மஞ்சள் நட்சத்திரத்தைக் கட்டாயத்தால் சட்டையில் தைத்துக்கொண்டு நடமாடியவர்கள் தங்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

ரயிலேறிப் போன அவருடைய அம்மா தன் பிள்ளைகளிடம் இதைப் பேசியதே இல்லையாம். இறந்த பிறகுதான் படிவம் கிடைத்தது. ஓரத்தில் பென்சிலால் '23' என்று, அவர் கையெழுத்தில். எண்ணிப் பார்த்திருக்கிறார். இன்னும் இரண்டு சொல்லுக்கு இடம் இருந்திருக்கிறது.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த எண்தான் கண்ணில் நிற்கிறது.

பித்தளை சீக்கிரம் கறுத்துவிடும் என்று பேத்தி கவலைப்பட்டார். நான் புளி போட்டுத் தேய்த்து வைக்கிறேன் என்றேன். புளியா என்று கேட்டார். வீட்டுக்குக் கூட்டிவந்து, நம் குத்துவிளக்கைத் தேய்த்துக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, அம்மாவைப் பற்றி விவரமாக எழுது. சுருக்காதே.

உன்,
கலா