பால்சாக்கும் உன் புது மெஷினும்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

வீட்டை அடமானம் வைத்து நாலு கலர் ஆஃப்செட் மெஷின் வாங்கப் போகிறாயாமே? மணி அண்ணன் சொன்னார். நீ சொல்லவில்லை, அதை நேரில் வைத்துக்கொள்கிறேன். இந்தச் சமயம் பார்த்து நான் பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கில் மூழ்கிக் கிடக்கிறேன். ஆகவே நீ தப்ப முடியாது.

மனிதர் உன் தொழில்காரர். பழைய பிரெஞ்சு எழுத்தாளர்கள் மோலியேரையும் லா ஃபோந்தேனையும் தனித்தனி ஒற்றைத் தொகுதிகளாகப் பதிப்பித்து, விற்காமல் கையைச் சுட்டுக்கொண்டார். அத்தோடு நிறுத்தினாரா? 1826இல் பாரிஸில் ஓர் அச்சகம் வாங்கினார். அடுத்த வருடம் அச்செழுத்து வார்க்கும் பட்டறையிலும் இறங்கினார். 1828இல் எல்லாம் போயிற்று. மிஞ்சியது சுமார் 60,000 பிராங் கடன், அதில் பெரும்பங்கு பெற்ற தாய்க்கு! பிறகு அதே பட்டறையை அவருடைய காதலி மதாம் தெ பெர்னியின் மகன் எடுத்து நடத்தி அமோகமாக வளர்த்தார். பட்டறையில் குறை இல்லை என்று தெரிகிறதா?

அந்தக் கடன் சாகும்வரை விடவில்லை. பாரிஸை ஒட்டிய பாஸியில் வேறு பெயரில் குடியிருந்தார். அந்த வீட்டுக்கு இரண்டு தெருவிலும் வாசல். ஒன்றில் கடன்காரன் வந்தால் மற்றதில் இறங்கிவிடலாம். நம் சுப்புவுக்கு இந்த வீட்டைக் காட்ட வேண்டும். ராத்திரி முழுக்கக் காபியைக் குடித்துக் குடித்து எழுதினார். புரூஃப் வந்தால் திருத்த மாட்டார், அதன்மேல் புதிதாக இன்னொரு நாவலே எழுதுவார். அந்தச் செலவும் அவர் தலையில்தான். உன்னிடம் இப்படி ஒரு எழுத்தாளர் வந்தால் நீ ஷட்டரை இறக்கிவிடுவாய்.

ஆனால் சேகர், அந்த அவதியிலிருந்துதான் ‘மனித நாடகம்’ வந்தது. ஏறத்தாழ 90 கதைகளும் நாவல்களும், 2,000க்கு மேற்பட்ட பாத்திரங்கள். ‘தந்தை கோரியோ’வில் காசில்லாத மாணவனாக வரும் ரஸ்திஞாக் பின்னால் வேறு கதைகளில் மந்திரியாக வந்து நிற்கிறான். ஒருவன் காதலில் விழுந்தால் பெண்ணின் சீதனம் எவ்வளவு, அதற்கு வட்டி என்ன வரும் என்று பால்சாக் கணக்குப் பார்த்துவிடுவார். பொருளாதார விவரங்களில்கூட, தொழில்முறை வரலாற்றாசிரியர்கள் எல்லோரையும்விட இவரிடம் அதிகம் கற்றதாக மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் 1888இல் எழுதினார். சும்மா சொல்லவில்லை. தஸ்தயேவ்ஸ்கியின் முதல் வெளியீடே 1844இல் வந்த, இவருடைய ‘யூஜெனி கிராந்தே’ நாவலின் மொழிபெயர்ப்புதான். பின்னால் வந்த பிரெஞ்சு நாவலாசிரியர் ஸோலா ஒரே குடும்பத்தை வைத்து 20 நாவல் எழுதியதற்கும் முன்னோடி இவர்தான்.

நீ ‘இழந்த மாயைகள்’ நாவலை மட்டும் படி. எழுதப் படிக்கத் தெரியாத கிழவன் செஷார், தன் ஓட்டை அச்சு இயந்திரங்களைப் பெற்ற மகன் தலையிலேயே அநியாய விலைக்குக் கட்டுகிறான். மகன் தாவீத் மலிவான காகிதம் செய்ய வழி கண்டுபிடிக்கிறான், நல்லவன், மூளைக்காரன். எதிர்க்கடைச் சகோதரர்கள் அவனைக் கடனிலேயே மாட்டவைத்துச் சிறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பிராமிசரி நோட்டின் மேல் வக்கீல் செலவு எப்படி ஏறுகிறது என்பதை அவர் விவரிக்கிற பக்கங்களைப் படித்தபோது உன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இதில் கிண்டல் இல்லை.

பால்சாக் போலந்துச் சீமாட்டி மதாம் ஹன்ஸ்காவைக் கல்யாணம் செய்தது 1850 மார்ச்சில். அதே வருடம் ஆகஸ்டில் போய்விட்டார், வயது 51. கடனை அடைத்தது அந்த அம்மாள்.

உன் பழைய மெஷின் இன்னும் ஓடுகிறது, நோட்டீஸ் வேலையும் வருகிறது. மாதத் தவணை எவ்வளவு, ஆர்டர் இல்லாத மாதங்களில் என்ன செய்வாய் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன் அனுப்பு. அப்புறம், கலாவிடம் சொல்லிவிட்டாயா?

அன்புடன்,
ராஜு