பிஸ்கட் புடிங்கில் பச்சை முட்டை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறையையொட்டிச் சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வந்த பிஸ்கட் புடிங் செய்முறை பற்றியது இக்கடிதம். பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தது நல்ல விடயம். பிறந்தநாளோ பெருநாளோ, மேரி பிஸ்கட்டையும் சொக்லேட் கலவையையும் அடுக்கிய அந்தக் கண்ணாடித் தட்டு நம் நாட்டில் பல வீடுகளில் மேசைக்கு வந்துவிடும். ஆனால் நீங்கள் வெளியிட்ட குறிப்பில் இரண்டு பச்சை முட்டை இருக்கிறது. அளவு சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் 'தேவையான அளவு' என்று இருக்கிறது. இரண்டாவது குறை புடிங்கைத்தான் கெடுக்கும். முதலாவது குறை பிள்ளையின் வயிற்றைக் கெடுக்கும்.

பட்டர், ஐசிங் சீனி, கொக்கோ மூன்றையும் அடித்து, அதற்குள் முட்டையை உடைத்து ஊற்றி மறுபடி அடிப்பது பழைய முறை. வீட்டுச் சமையல் கொப்பிகளில் அப்படித்தான் எழுதியிருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த முட்டை கடைசிவரை சூட்டைக் காண்பதே இல்லை. வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சல்மொனெல்லாக் கிருமி ஓட்டின் மேலே மட்டும் ஒட்டியிருப்பதல்ல. கோழிக்குள் முட்டை உருவாகும்போதே உள்ளே சேர்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே ஓட்டைக் கழுவினாலும், வெடிப்பில்லாத முட்டையாகப் பொறுக்கினாலும் ஆபத்து நீங்காது. நாலு துளி எலுமிச்சம்புளி, கொஞ்சம் வனிலா விட்டால் சரி என்பார்கள். வாடை போகும், கிருமி போகாது. குளிர்சாதனப் பெட்டி கிருமி பெருகுவதை மெதுவாக்குமே தவிரக் கொல்லாது. கிருமி சாகவேண்டுமென்றால் முட்டை சேர்ந்த கலவை 71 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களை இந்த வயிற்றோட்டம் பெரியவர்களைவிட மோசமாக வாட்டும்.

முட்டை அங்கே சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மஞ்சட்கரு கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கிறது. வெள்ளைக்கரு காற்றைப் பிடித்துப் பாரத்தைக் குறைக்கிறது. முட்டையை எடுத்துவிட்டு வேறொன்றும் செய்யாவிட்டால் மிஞ்சுவது வெறும் பட்டர் ஐசிங்; மேல்வாயில் ஒட்டும், இரண்டாவது கரண்டியிலேயே திகட்டும். அந்த வேலையைச் சோளமா போட்டுக் காய்ச்சிய கொக்கோப் பாலிடம் ஒப்படைத்தால் போதும். பத்து நிமிட அடுப்பு வேலையைப் பெரியவர் ஒருவர் செய்துவிட்டால், மிச்சமெல்லாம் பிள்ளைகளின் கைவேலை. முட்டை போட்டதன் வழுவழுப்பு இதில் முழுதாக வராது, உண்மைதான். ஆனால் பட்டரும் சீனியும் பழைய அளவில் பாதிக்கும் கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும் என்பதால், பிள்ளைகளுக்கு இதுவே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

20 சென்ரிமீற்றர் சதுரமும் 5 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள தட்டு ஒன்றுக்கான அளவு இது: மேரி பிஸ்கட் சுமார் 40, பால் 300 மில்லிலீட்டர், சாதாரண வெள்ளைச் சீனி 100 கிராம், கொக்கோத் தூள் 30 கிராம், சோளமா 20 கிராம், பட்டர் 150 கிராம், வனிலா ஒரு தேக்கரண்டி. பிஸ்கட் தோய்க்க வேறாக 200 மில்லிலீட்டர் பால். தராசு இல்லாத வீட்டில் சோளமாவை மட்டமாக வழித்த இரண்டரை மேசைக்கரண்டி என்றும், கொக்கோவை நாலேகால் என்றும் கொள்ளலாம். பசும்பால் இல்லையென்றால் 40 கிராம் முழு ஆடைப் பால்மாவை 270 மில்லிலீட்டர் இளஞ்சூட்டு நீரில் கரையுங்கள். சொக்லேட் சுவையுள்ள மோல்ட் பானத் தூளைக் கொக்கோவுக்குப் பதிலாகப் போடுபவர்கள் உண்டு. அதில் பெரும்பங்கு மோல்ட்டும் சீனியும்தான். நிறம் வெளிறும், இனிப்பு ஏறும், கசப்பு என்று ஒன்று இருக்காது. பட்டர் விலை கட்டுப்படியாகாவிட்டால் கட்டியாக வரும் மாஜரீன் ஓரளவு சமாளிக்கும். டப்பாவில் வரும் 'ஃபட் ஸ்ப்ரெட்' சரிவராது; அதில் கொழுப்புக் குறைவு, நீர் கூட, புடிங் விறைக்காது.

ஐசிங் சீனி இல்லையே என்று வாசகர் கேட்கலாம். பட்டரோடு நேரே அடிக்கும்போது வெள்ளைச் சீனி கரையாமல் பல்லில் நறநறக்கும் என்பதால்தான் ஐசிங் சீனி தேவைப்பட்டது. இங்கே சீனி சூடான பாலிலேயே கரைந்துவிடுகிறது.

சோளமா, கொக்கோ, சீனி மூன்றையும் அடி கனமான சட்டியில் உலர்வாகவே கலந்துவிட்டு, குளிர்ந்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரையுங்கள். கொக்கோவை நேரே பாலில் கொட்டினால் மேலே மிதந்து கட்டி தட்டும்; சீனியோடு கலந்து போட்டால் அந்தத் தொல்லை இல்லை. நடுத்தர நெருப்பில் அடியையும் ஓரங்களையும் வழித்து வழித்துக் கிளறுங்கள். தடித்து, 'புளுக் புளுக்' என்று குமிழி விட ஆரம்பித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கவேண்டும். தடித்தவுடனே இறக்கினால் பச்சை மா வாசம் நிற்கும், ஆறியபின் இளகியும் போகும்.

இந்த இடத்தில் ஒன்று. சட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றால் கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டு அதே கரண்டியை மறுபடி உள்ளே விடுவார்கள். எச்சிலிலுள்ள நொதியம் மாப்பொருளை உடைத்துவிடும். ஆறிக்கொண்டிருக்கும் கலவை காரணம் தெரியாமல் தண்ணீராகப் போவது இதனாலும்தான். ருசி பார்க்க வேறு கரண்டி வையுங்கள்.

இறக்கியதும் வனிலாவைச் சேர்த்து, எண்ணெய் தடவிய கடதாசி ஒன்றைக் கலவையின் மேற்பரப்பிலேயே படும்படி போட்டு ஆறவிடுங்கள். திறந்து வைத்தால் ஆடை படியும். பிறகு எவ்வளவு அடித்தாலும் அந்த ஆடை திப்பி திப்பியாகவே நிற்கும். முழுதாக ஆறவேண்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி வைத்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது.

நமது வெக்கையில் பட்டர்தான் ஆளை ஏமாற்றும். 'அறை வெப்பநிலையில் பட்டர்' என்று குறிப்புகளில் எழுதுவது குளிர்நாட்டு அறையை மனதில் வைத்து. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ 30 பாகையில் ஒரு மணித்தியாலம் வெளியே வைத்தால் அது எண்ணெய் பிரியத் தொடங்கிவிடும். எண்ணெய் பிரிந்த பட்டரில் காற்று நிற்காது. சிறு துண்டுகளாக வெட்டி 15 நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழவேண்டும், விரலில் பளபளப்பு ஒட்டக்கூடாது. அதைத் தனியே ஐந்து நிமிடம், நிறம் வெளிறும்வரை அடித்துவிட்டு, ஆறிய கொக்கோக் கலவையை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சேர்த்து அடியுங்கள்.

இரண்டும் ஒரே சூட்டில் இல்லாவிட்டால்தான் திரைவது நடக்கும். கொக்கோக் கலவை பிரிட்ஜில் இருந்து நேரே வந்திருந்தால் பட்டர் விறைத்து, மணி மணியாகப் பிரியும். பாத்திரத்தின் அடியைச் சுடுநீரில் சில விநாடி பிடித்துவிட்டு அடித்தால் சேர்ந்துவிடும். கலவை சூடாக இருந்திருந்தால் பட்டர் உருகிக் கூழாகும். பாத்திரத்தோடு பத்து நிமிடம் பிரிட்ஜில் வைத்து எடுத்து மறுபடி அடியுங்கள். எதையும் கொட்டவேண்டியதில்லை.

இனிப் பிள்ளைகளின் முறை. தட்டின் அடியில் ஒரு கரண்டி கலவையை மெல்லியதாகப் பூசுங்கள். இல்லையேல் முதல் வரிசை பிஸ்கட் வழுக்கிக்கொண்டே இருக்கும். தோய்க்கும் பால் இளஞ்சூடாக, தட்டையான கோப்பையில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு பிஸ்கட். உள்ளே விட்டு 'ஒன்று, இரண்டு' எண்ணி எடுத்துவிடவேண்டும். கொதிபாலில் விட்டால் கையிலேயே உடைந்து விழும். தோய்க்காமலே அடுக்கினால் நடுவில் கட்டையாக நிற்கும். பிஸ்கட் தானாக உறிஞ்சிக்கொள்ள பட்டர்க் கலவையில் போதிய ஈரம் இல்லை. வெறும் கஸ்டர்ட் ஊற்றிச் செய்யும் புடிங்கில் பிஸ்கட்டைத் தோய்க்காமல் விடலாம், இதில் முடியாது. பெரியவர்களுக்குச் செய்யும்போது கோப்பியில் தோய்ப்பதுண்டு, பிள்ளைகளுக்குப் பால் போதும்.

மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பிஸ்கட் ஒரு வரிசை. இடைவெளிகளை உடைந்த துண்டுகளால் அடையுங்கள். அதன்மேல் கலவையை ஒரே குவியலாகக் கொட்டிக் கத்தியால் இழுத்தால் ஊறிய பிஸ்கட்டும் சேர்ந்து இழுபடும், அடுக்குக் குலையும். சிறு சிறு கரண்டியாக ஒன்பது பத்து இடத்தில் வைத்துவிட்டு, கரண்டியின் முதுகால் ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள். நாலு வரிசை பிஸ்கட்டுக்கு நாலு வரிசை கலவை சரியாக வரும். மேலே கஜு தூவுவதானால் பொடியாக இடித்ததாக இருக்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும். விருந்துக்கு வரும் பிள்ளைகளில் யாருக்காவது பருப்பு ஒத்துக்கொள்ளாதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மூடியிட்டு, பிரிட்ஜில் குறைந்தது ஆறு மணித்தியாலம்; முதல்நாள் இரவே செய்துவிட்டால் நிம்மதி. மூடாமல் வைத்தால் பட்டர் பக்கத்திலிருக்கும் மீன்குழம்பின் வாசத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும். அவசரத்துக்கு உறைபெட்டியில் வைக்காதீர்கள். சோளமாக் கலவை உறைந்து இளகும்போது நீர் விட்டுவிடும், பிஸ்கட் சொதசொதக்கும். சுடுநீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால், ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்துத் துடைத்து வெட்டினால் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். 16 துண்டு வரும். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காமல் வைத்திருக்கும்வரை நாலு மணித்தியாலம் தாங்கும். மேசையில், இந்த வெயிலில், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம்.

உங்கள் குறிப்பின் கடைசி வரியில், மேலே ஜெலி ஊற்றி அன்னாசித் துண்டு வைக்கலாம் என்று இருந்தது. வேகவைக்காத அன்னாசி வைத்தால் ஜெலி இறுகவே இறுகாது. அன்னாசியிலுள்ள நொதியம் ஜெலற்றினை உடைத்துவிடும், பப்பாசியும் அப்படித்தான். துண்டுகளைச் சில நிமிடம் கொதிக்கவைத்தாலோ தகரத்தில் வரும் அன்னாசியைப் போட்டாலோ பிரச்சினை இல்லை. ஜெலியும் முற்றாக ஆறி, இறுகத் தொடங்குமுன் ஊற்றப்படவேண்டும். சூடாக ஊற்றினால் பட்டர் அடுக்கு உருகி மேலே மிதக்கும். தவிர, ஜெலற்றின் விலங்கிலிருந்து எடுப்பது. சைவ வீடுகளும் ஹலால் பார்க்கும் வீடுகளும் பொதியை வாசித்துவிட்டு வாங்கவேண்டும்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பக்கத்தை வாசிக்கிறார்களே. அவர்களுக்கு அடுக்குப் புடிங் வேண்டுமென்றால் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சைனா கிராஸ் (அகர் அகர்) இருக்கிறது. அது வெளியிலேயே இறுகும், நம் வெயிலில் உருகவும் மாட்டாது. மொத்தக் கலவை ஒரு லீட்டருக்கு 10 கிராம் இழை. அரை மணித்தியாலம் ஊறவைத்து, 500 மில்லிலீட்டர் நீரில் ஓர் இழைகூடத் தெரியாதவரை கொதிக்கவைத்து வடிகட்டி, பாதியைச் சூடான சீனிப்பாலிலும் பாதியைப் பழச்சாற்றிலும் கலந்தால் இரண்டு நிறம் கிடைக்கும். புளிப்புச் சாற்றைச் சைனா கிராஸோடு சேர்த்துக் கொதிக்கவைக்கக் கூடாது, இறுகும் சக்தி போய்விடும். அடுப்பை அணைத்தபின் சேருங்கள். முதல் அடுக்கின் மேல் விரல் வைத்தால் உடையாமல், ஆனால் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே இரண்டாவதைக் கரண்டியின் முதுகில் விட்டு ஊற்றவேண்டும். அதுவரை இரண்டாவதைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்திருங்கள். முதல் அடுக்கு முழுதாகக் குளிர்ந்து மேலே நீர் கசிந்துவிட்டால், வெட்டும்போது இரண்டும் தனித்தனியே வழுக்கிக் கழன்றுவிடும். அப்படி ஆகிவிட்டால் நீரைத் துடைத்துவிட்டு முள்ளுக்கரண்டியால் மெல்லக் கீறி, அதன்மேல் ஊற்றுங்கள். பால் சேர்ந்தது என்பதால் இறுகியவுடனே பரிமாறிவிடவேண்டும், மறுநாளுக்கு வைக்க முடியாது.

இவ்வளவையும் வெளியிட இடம் இல்லாமல் போகலாம். முட்டை பற்றிய திருத்தத்தை மட்டுமாவது வருகிற ஞாயிறு அதே சிறுவர் பக்கத்தில் போடுங்கள். செய்முறையை வெட்டி எடுத்துவைத்தவர்கள் வாசகர் கடிதப் பகுதியைப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

இப்படிக்கு,
மனைப்பொருளியல் ஆசிரியைகள் சிலர்,
வவுனியா.