படத்தில் இருப்பவருக்கு அதைப் போட்டுக் காட்டினீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொண்டு நிறுவனங்கள் யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் தங்கள் கதையைச் சொல்லப் பழகினால்தான் இனி நன்கொடை வரும் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். வரும், மறுக்கவில்லை. எனக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். ஆடியிலும் மார்கழியிலும் கையில் வேலை இருக்காது, அப்போது இந்த மாதிரி அமைப்புகளுக்கும் வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். அதனால் கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன். யாருடைய கதையைச் சொல்கிறார்களோ அந்த ஆளுக்கு அதை யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. அதற்கு மூன்று வருஷம் முன்னால் சென்னை வெள்ளத்தில், தண்ணீரில் மாட்டியவர்களே போனை எடுத்து எந்தத் தெருவில் குழந்தைக்குப் பால் வேண்டும், எந்த மொட்டை மாடியில் ஆள் நிற்கிறார் என்று போட்டார்கள், உதவியும் தெருப் பெயர் பார்த்துப் போனது. எங்கள் பக்கம் கரண்ட் வாரக்கணக்கில் இல்லை, டவரும் இல்லை, போன் இருந்தவரிடமும் சார்ஜ் இல்லை. ஆகவே எங்கள் கதையை வெளியூரிலிருந்து கேமராவோடு வந்தவர்கள் சொன்னார்கள்.

அப்படி வந்த ஒரு அமைப்பு எடுத்த வீடியோ கொஞ்ச நாள் கழித்து என்னிடம் எடிட்டிங்குக்கு வந்தது. சாய்ந்த தென்னைகளுக்கு நடுவில் ஒரு அம்மா நின்று மூச்சு விடாமல் பேசுகிறார். அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபாய் தருகிறதாம், அதில் 500 மரத்தை வெட்டி அப்புறப்படுத்த. சரி, மரம் அறுக்கிற மெஷின் எங்கே கிடைக்கிறது, கிடைத்தாலும் அவர்கள் கேட்கிற கூலி கட்டுப்படியாகுமா, விழுந்த மரம் கிடக்கிற வரைக்கும் கன்று வைக்க முடியுமா, வைத்தாலும் நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகுமே, அதுவரைக்கும் ஊடுபயிராக எதைப் போடுவது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கடைசியில், "போர்வை நெறைய வந்துருச்சு தம்பி, ஊருக்கு ரெண்டு மெஷின் அனுப்பச் சொல்லுங்க, போதும்" என்கிறார். எனக்கு வந்த உத்தரவு, முதல் மூணு செகண்டில் பார்க்கிறவன் உட்கார்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவான். அந்த அம்மா பேச்சுக்கு நடுவில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட இடம் மட்டும் வேண்டும், பேச்சு வேண்டாம், கீழே வயலின். அவர் துடைத்தது வியர்வை. பேஸ்புக்கில் அது கண்ணீராகிவிட்டது. பணமும் நன்றாகவே வந்ததாகச் சொன்னார்கள், அதில் மறுபடியும் போர்வைதான் வாங்கினார்கள்.

என் வருத்தம் இதுதான். அந்த அம்மா சொன்னதை முழுசாகப் போட வேண்டாம், ஒரு நிமிஷம் போட்டிருந்தால்கூட கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற ஒருவர் மெஷினுக்குக் காசு கொடுத்திருப்பார். கல்யாண ஆல்பத்தில் ஒரு சித்தப்பா முகம் கோணலாக இருந்தால் அதை மாற்றாமல் பாக்கிப் பணம் தர மாட்டார்கள், நானும் மாற்றித்தான் கொடுக்கிறேன். ஆனால் தோப்பு போன அம்மாவிடம் "இது உங்களுக்குச் சரியாம்மா" என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கேட்டால், "கையெழுத்து வாங்கிட்டோமே" என்பார்கள். அந்தத் தாள் இங்கிலீஷில் இருக்கும், படம் எடுப்பதற்கு முன்னாலேயே வாங்கியதாகவும் இருக்கும்!

காட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. 2012 மார்ச்சில் அமெரிக்காவின் இன்விசிபிள் சில்ட்ரன் என்ற அமைப்பு, உகாண்டாவில் குழந்தைகளைக் கடத்திப் போய் கையில் துப்பாக்கி கொடுத்த ஜோசப் கோனியைப் பற்றி அரை மணி நேரப் படம் ஒன்றை இணையத்தில் விட்டது. ஆறே நாளில் 10 கோடிப் பார்வைகள். புதிய ஊடகத்தில் கதை சொல்லும் வகுப்பு எது நடந்தாலும் முதல் பாடமாக வைக்கிற மாதிரியான வெற்றி. அதே மாதம் வடக்கு உகாண்டாவில் லிரா என்ற ஊரில், கோனியின் படையிடம் சிக்கிச் சீரழிந்த ஜனங்களுக்கே திரை கட்டி அதைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். தங்கள் கதை என்று வந்து உட்கார்ந்தால் படத்தில் பாதி நேரம் அமெரிக்க இயக்குநரும் அவருடைய சின்னப் பையனும், போதாக்குறைக்குக் கோனி பெயர் போட்ட பனியன். கோனி அந்தப் பகுதியை விட்டுப் போயே வருஷங்கள் ஆகியிருந்தன. கல்லெறிய ஆரம்பித்துவிட்டார்கள், மேற்கொண்டு காட்டுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருந்தபோதே லிராவிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

உண்மையைச் சொன்னால் பணம் வராது என்பதையும் நான் நம்பவில்லை. கிணறு தோண்டித் தரும் சாரிட்டி வாட்டர் என்ற நியூயார்க் அமைப்பு 2010-ல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் ஒரு கிராமத்தில் போர்வெல் போட்டது, தண்ணீர் வராமல் தோற்றுப்போனது. தோற்றதை அப்படியே படம் பிடித்து நன்கொடையாளர்களுக்குக் காட்டினார்கள். அமைப்பு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை, இன்னும் நடக்கிறது. நம் ஊரில் எந்தத் தொண்டு நிறுவனத்தின் சேனலிலாவது தோற்ற வேலை ஒன்று வந்திருக்கிறதா? நான் பார்த்ததில்லை.

இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. பாம்பனிலிருந்து 2016 முதல் ஒலிபரப்பாகிற கடல் ஓசை சமுதாய வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம் என்று சொல்கிறார்கள், மீனவர்களே பேசுகிறார்கள், மீனவர்களே கேட்கிறார்கள். தப்பாகச் சொன்னால் மறுநாள் கரையில் பிடித்துக் கேட்டுவிடுவார்கள். அந்தப் பயம் இந்த ரீல்ஸ்காரர்களுக்கும் கொஞ்சம் இருக்க வேண்டும். எடுத்த போனிலேயே போட்டுக் காட்டலாம், ஐந்து நிமிஷ வேலை. வேண்டாம் என்று படத்தில் இருப்பவர் சொன்னால் நீக்கிவிடலாம், அப்புறம் ஒரு வருஷம் கழித்து மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது அந்த வீடியோ இடைஞ்சல் என்று போன் செய்தாலும் நீக்கலாம்.

குழந்தைகள் விஷயத்தில் இது நல்ல மனசு சம்பந்தப்பட்டது மட்டும் கிடையாது, சட்டமே இருக்கிறது. 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டுகிற எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படியிருந்தும் காப்பகப் பிள்ளைகள் கேக் வெட்டுகிற வீடியோ, பெயரும் ஊரும் போட்டு, "அப்பா இல்லாத பையன்" என்று தலைப்போடு தினமும் என் போனுக்கு வருகிறது.

உங்கள் பத்திரிகையும் இந்த அமைப்புகள் அனுப்பும் படங்களை வாங்கிப் போடுகிறது, உங்கள் யூடியூப் சேனலில் அவர்களுடைய வீடியோவையும் ஏற்றுகிறீர்கள். ஏற்றுவதற்கு முன்னால் அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், இதில் இருப்பவர் இதைப் பார்த்துவிட்டாரா என்று. இல்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். அந்த அமைப்புக்காரர்கள் அப்போதாவது எங்களை மாதிரி எடிட்டரிடம் வயலின் கேட்பதற்கு முன்னால் ஒரு நடை ஊருக்குப் போய்விட்டு வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பட்டுக்கோட்டை