பூக்காரியின் கணக்கு

அன்புள்ள ராஜிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. வீட்டில் வெள்ளையடிக்கும் வேலை, சாமான்களெல்லாம் கூடத்தில் குவிந்து கிடந்தன, பேனா வைக்க இடமில்லை. இப்போதுதான் ஒழிந்தது. இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரைக் கண்ணாடியில்லாமல் படிக்கிறார். அதிலிருக்கும் அச்சுப் பிழைகளை எல்லாம் எனக்கு வாசித்தும் காட்டுகிறார். மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

நீயும் மருமகளும் புனேயில் ‘தி ஃபூல்ராணி’ பார்த்துவிட்டு வந்தது பற்றிப் படித்ததும் பொறாமையாக இருந்தது. பு.ல. தேஷ்பாண்டே 1975-இல் மராட்டிக்குக் கொண்டுவந்த நாடகம், இன்னும் கூட்டம் வருகிறது என்றால் பார். அதற்கு மூலமான பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நமக்குப் பாடமாக இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்கு வேண்டியதை அடிக்கோடிட்டதோடு சரி. உன் மருமகள் கேட்ட கேள்விக்காக அதை மறுபடி எடுத்து ஒரே மூச்சில் படித்தேன். ‘இவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த புரொபசரையே அவள் ஏன் கட்டிக்கொள்ளவில்லை?’ என்று கேட்டாளாமே.

பேச்சைத் திருத்தினால் ஆளே மாறிவிடலாம் என்கிற கதை என்றுதான் இதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். காலமெல்லாம் பாங்கில் உட்கார்ந்திருந்த புத்தியோ என்னவோ, எனக்கு இந்தத் தடவை பக்கத்துக்குப் பக்கம் காசுதான் கண்ணில் பட்டது. ஷா அந்தப் பெண்ணின் வரவு செலவை ஒரு பைசா விடாமல் எழுதி வைத்திருக்கிறார்.

லண்டனில் கோவென்ட் கார்டன், செயின்ட் பால் தேவாலயத்தின் வாசல். இரவு பதினொன்றேகால், நல்ல மழை. எலைசா டூலிட்டில் ஒதுங்கி நின்று பூ விற்கிறாள். அவள் வாயிலிருந்து வருவதையெல்லாம் உச்சரிப்பை ஆராய்கிற புரொபசர் ஹிக்கின்ஸ் ஒளிந்து நின்று எழுதிக்கொள்கிறார். கூட்டம் அவரை போலீஸ் ஆள் என்று நினைக்கிறது. கிளம்பும்போது கூடையில் அள்ளிப்போட்டுவிட்டுப் போகிற சில்லறையில் ஒரு அரை கிரவுன் (இரண்டரை ஷில்லிங்), இரண்டு ஃபுளோரின் (தலா இரண்டு ஷில்லிங்), ஒரு அரை சாவரின் (பத்து ஷில்லிங்) இருக்கின்றன. கூட்டிப் பார்த்தேன், பதினாறரை ஷில்லிங். அவளுக்கு அது ஆறு நாள் சம்பாத்தியத்துக்கு மேல். அந்தத் தெம்பில் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போகிறாள். வீடு என்ன வீடு, வாரம் நாலு ஷில்லிங் வாடகையில் ஒரு அறை. காசு போட்டால் எரிகிற கேஸ் விளக்கு. ஜன்னலில் ஒரு பறவைக் கூண்டு தொங்குகிறது. பறவை எப்போதோ செத்துப்போய்விட்டது, கூண்டை மட்டும் கழற்றவில்லை. மேடைக் குறிப்பில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார் மனிதர். அன்றைக்கு வகுப்பில் இதை நாம் கவனித்ததாகவே எனக்கு நினைவில்லை.

மறுநாள் மூன்று நிறத்தில் தீக்கோழி இறகு குத்திய தொப்பியோடு ஹிக்கின்ஸ் வீட்டுக்கே வந்து நிற்கிறாள். பூக்கடையில் வேலைக்குச் சேர வேண்டும், இப்படிப் பேசினால் எடுக்க மாட்டார்கள், சொல்லிக்கொடு, ஒரு பாடத்துக்கு ஒரு ஷில்லிங் தருகிறேன் என்கிறாள். பிச்சை கேட்கவில்லை, பேரம் பேசுகிறாள். ஹிக்கின்ஸ் உடனே கணக்குப் போடுகிறார்: இவள் வருமானம் நாளுக்கு அரை கிரவுன், அதில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரு ஷில்லிங். ஒரு கோடீஸ்வரன் தன் ஒரு நாள் வருமானத்தில் அதே பங்கைக் கொடுத்தால் அறுபது பவுண்டு ஆகும். இவளோ ‘அறுபது பவுண்டா! அவ்வளவுக்கு நான் எங்கே போவேன்’ என்று அலறுகிறாள். சிரித்துவிட்டு அப்படியே நிறுத்தினேன். அவள் கொடுக்க வந்த காசின் மதிப்பு அந்த மனிதருக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. ஆறு மாதத்தில் இவளைச் சீமாட்டி மாதிரிப் பேசவைத்துக் காட்டுகிறேன் என்று நண்பர் கர்னல் பிக்கரிங்கோடு பந்தயம் கட்டுகிறார், அதற்கப்புறம் இவள் எதை வைத்துச் சாப்பிடுவாள் என்று மட்டும் தோன்றவில்லை. அதைக் கேட்கிறவர்கள் இரண்டே பேர், வீட்டைப் பார்த்துக்கொள்கிற மிஸஸ் பியர்ஸும் ஹிக்கின்ஸின் அம்மாவும். இரண்டு பேரும் பொம்பளைகள், கவனித்தாயா?

அப்பன் வேறு வருகிறான், குப்பை வண்டிக்காரன். மகளை விட்டுக்கொடுக்க ஐந்து பவுண்டு கேட்கிறான், பவுண்டுக்கு இருபது ஷில்லிங், அதாவது அவளுடைய நாற்பது நாள் கூலி. பத்தாகக் கொடுக்கிறோம் என்றால் வேண்டாம் என்கிறான். பத்து இருந்தால் பொறுப்பு வந்துவிடுமாம், ஐந்து என்றால் ஒரே நாளில் குடித்துத் தீர்த்துவிடலாம். கடைசியில் அவனுக்கு யாரோ ஓர் அமெரிக்கப் பணக்காரன் வருஷத்துக்கு மூவாயிரம் பவுண்டு எழுதி வைத்து, பாவம், கௌரவமான மனிதனாகி மாட்டிக்கொள்கிறான்.

எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது ஹிக்கின்ஸின் அம்மா வீட்டு டீ பார்ட்டிதான். எலைசாவின் உச்சரிப்பு தேன் மாதிரி, விஷயமோ பழைய சந்து விஷயம்: சித்தி சாவில் சந்தேகம், அவள் தொப்பியை யார் திருடினார்கள், ஜின் அவளுக்குத் தாய்ப்பால். கிளம்பும்போது ‘பிளடி’ என்று ஒரு கெட்ட வார்த்தையை வேறு போட்டுவிடுகிறாள். 1914 ஏப்ரலில் லண்டன் ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டரில் மிஸஸ் பேட்ரிக் கேம்பல் அதைச் சொன்னபோது அரங்கமே சிரிப்பில் நின்றுவிட்டதாம், பத்திரிகைகளில் பெரிய ரகளை. இத்தனைக்கும் அம்மணிக்கு அப்போது 49 வயது, பூக்காரிப் பெண் வேஷம்! நாடகத்தில் அதைக் கேட்கிற விருந்தாளிப் பெண் கிளாரா, இதுதான் புது ஃபேஷன் போலிருக்கிறது என்று தானும் சொல்ல ஆரம்பிக்கிறாள். கூடைக்காரி சொன்னால் அசிங்கம், பட்டுக் கவுன் சொன்னால் நாகரிகம். இதைவிடச் சுருக்கமாக அந்த ஊர் வர்க்க பேதத்தை யாரும் காட்டிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

எனக்கு உயிரான இடம் நாலாவது அங்கம். பந்தயத்தில் ஜெயித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அப்பாடா தொல்லை விட்டது, சலித்துப்போய்விட்டது என்று இரண்டு ஆம்பிளைகளும் பேசிக்கொள்கிறார்கள், அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். செருப்பை எடுத்து முகத்தில் அடிக்கிறாளே, அது தெரியும். அதற்கப்புறம் அவள் கேட்பதைப் பார். இந்த உடுப்பெல்லாம் என்னுடையதா, கர்னலுடையதா? என்னுடையது எது என்று தெரிந்தால் போதும். வாடகைக்கு எடுத்த நகைகளைக் கழற்றிக் கொடுத்து, காணாமல் போனால் என்னைத் திருடி என்பார்கள், நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அங்கே பூவை விற்றேன், என்னை விற்கவில்லை. இப்போது சீமாட்டி ஆக்கிவிட்டீர்கள், என்னைத் தவிர விற்க வேறொன்றும் மிச்சமில்லை என்கிறாள். நல்ல இடத்தில் கல்யாணம் பண்ணிக்கொள் என்று ஹிக்கின்ஸ் சொன்னதற்குத்தான் இந்தப் பதில். இப்படிப்பட்டவரைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறாளா உன் மருமகள்?

அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, அந்தக் காலத்து நடிகரே அப்படித்தான் நினைத்தார். ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ, திரை விழுவதற்குள் எலைசாவுக்குப் பூ எறிந்து காதல் முடிவாக்கிவிட்டார். ‘என் முடிவால்தான் வசூல்’ என்று அவர் சொல்ல, ‘உம்மைச் சுட வேண்டும்’ என்று ஷா பதில் எழுதினார். கோபம் தீராமல் 1916-இல் நாடகத்தோடு ஒரு பின்கதையையும் சேர்த்தார். அப்படியும் 1938 படத்தில் கடைசியில் அவள் திரும்பி வந்துவிடுகிறாள். அந்தப் படத்தின் திரைக்கதைக்குத்தான் ஷாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது என்பது வேடிக்கை. அவர் 1950-இல் போனபின் வந்த ‘மை ஃபேர் லேடி’யிலும் அதே கதைதான், செருப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டு ஹிக்கின்ஸ் சாய்ந்துகொள்கிறார்.

அந்தப் பின்கதையை நீ அவசியம் படிக்க வேண்டும். எலைசா, கிளாராவின் சகோதரன் ஃபிரெடியைக் கட்டிக்கொள்கிறாள். உப்புச் சப்பில்லாத பையன், ஷாவாலேயே அவனுக்கு உயிர் கொடுக்க முடியவில்லை. ஆனால் கர்னல் பிக்கரிங் தந்த 500 பவுண்டில் அவள் வைக்கிற கடை இருக்கிறதே, அதில் மனிதர் கொட்டியிருக்கிறார்! ஒரு ரயில் நிலையத்தை ஒட்டிய கடை. முதலில் நஷ்டம்மேல் நஷ்டம். இரண்டு பேரும் கணக்கு எழுதவும் சுருக்கெழுத்துக்கும் வகுப்புக்குப் போகிறார்கள், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வாசலைக்கூட மிதிக்கிறார்கள். ஷா தானே சேர்ந்து ஆரம்பித்த இடத்தையே கிண்டல் பண்ணுகிறார். கடைசியில் கடையை நிமிர்த்துவது பூ இல்லை, அஸ்பாரகஸ்! காய்கறி விற்றுத்தான் லாபம் வருகிறது.

ஒரு ஷில்லிங்கை நீட்டிக்கொண்டு அவள் கேட்க வந்தது பூக்கடை. புருஷனைக் கேட்டு அவள் வரவேயில்லை. மருமகளிடம் இதைச் சொல். ஒப்புக்கொள்ளாவிட்டால் மார்ச்சில் நேரில் வந்து சண்டை போடுகிறேன்; சின்னவன் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். வரும்போது வத்தலும் காப்பிப்பொடியும் கொண்டுவருகிறேன். வேறு என்ன வேண்டும் என்று எழுது, போனில் சொன்னால் எனக்கு மறந்துபோகும்.

அன்புடன்,
வசந்தா