ஜூம் வேறு, டிராலி வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஒளிப்பதிவுக் கட்டுரை, ‘டாலி ஜூம்’ ஷாட்டை ‘கேமராவை வேகமாக ஜூம் செய்வது’ என்று விளக்கியிருந்தது. குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் அதை நம்பி முயன்றால் அந்த ஷாட் கிடைக்கவே கிடைக்காது.

ஜூம் செய்யும்போது கேமரா நின்ற இடத்திலேயே நிற்கிறது. முகமும் பின்னால் உள்ள தூணும் ஒரே விகிதத்தில்தான் பெருக்கும். கேமரா இடம் மாறினால்தான் அந்த விகிதம் மாறும். டாலி ஜூமில் டிராலி (கேமராவை ஏற்றித் தண்டவாளத்தில் தள்ளும் வண்டி) பின்னால் போகப் போக, லென்ஸை ஜூம் இன் செய்துகொண்டே வர வேண்டும். அப்போது முகம் அப்படியே இருக்க, பின்புலம் மட்டும் நெருங்கி வரும். 1958-ல் வெளியான, இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’ படத்தில், மினியேச்சர் படிக்கட்டு ஒன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்து இந்த உத்தியால்தான் தலைசுற்றலைக் காட்டினார்கள்.

கணக்கு எளிது. 24–105 மி.மீ. ஜூம் லென்ஸை 25 மி.மீ.-ல் (இந்த எண் கூடினால் உருவம் பெரிதாகும்) வைத்து, நடிகரிடமிருந்து 1 மீட்டரில் தொடங்குங்கள். 2 மீட்டரில் 50, 3-ல் 75, 4-ல் 100 என்று போனால் தலை அளவு மாறாது. நடிகருக்கு 5 மீட்டர் பின்னால் நிற்கும் தூணோ இரண்டரை மடங்குக்கு மேல் பெருத்துவிடும். பின்புலம் பெருப்பது கண்ணுக்குத் தெரியாத வெறும் சுவருக்கு முன்னால் இதை எடுப்பது வீண்.

பெரும்பாலும் சொதப்புவது ஜூம் வளையத்தில்தான். அதில் எண்கள் சம இடைவெளியில் இருப்பதில்லை. 25-லிருந்து 50-க்கு ஆகும் திருப்பம்தான், ஏறக்குறைய 50-லிருந்து 100-க்கும். வளையத்தை ஒரே வேகத்தில் திருப்பினால் முதலில் தலை சிறுத்து, பிறகு மீண்டும் பெருக்கும். அதனால் தண்டவாளத்தில் அரை மீட்டருக்கு ஒன்றாக டேப் ஒட்டி, அந்தந்த இடத்துக்கான ஜூம் எண்ணை வளையத்திலும் குறித்துவையுங்கள். தொடக்கத்தில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும் திருப்ப வேண்டும். தூரம் மாறிக்கொண்டே இருப்பதால் ஃபோகஸைப் பார்க்கத் தனி ஆள் தேவை. தொடங்கும் இடத்தில் நடிகர் 10 சென்டிமீட்டர் முன்னால் சாய்ந்தாலே தலை பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துவிடும்; அவர் அசையாமல் இருப்பது அவ்வளவு முக்கியம்.

கேமராவோடு வரும் சாதாரண கிட் லென்ஸ் என்றால் இன்னொரு சிக்கல்: ஜூம் கூடக் கூட ஒளித்துளை சுருங்கி, ஷாட் பாதியில் இருட்டிவிடும். முதலிலேயே ஒளித்துளையை, முழு ஜூமிலும் லென்ஸ் தரக்கூடிய அளவில் (பல கிட் லென்ஸ்களில் எஃப் 5.6) வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் 4கே-யில் எடுத்து, எடிட்டிங்கில் ஃப்ரேமைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். 4கே படம் அகலத்திலும் உயரத்திலும் முழு எச்டி-யைப் போல இரண்டு மடங்கு என்பதால், முழு எச்டி-யில் வெளியிடுவதானால் இரண்டு மடங்கு வரை தெளிவு குறையாது. அப்படியென்றால் டிராலி 1 மீட்டரில் தொடங்கி 2 மீட்டரிலேயே நின்றுவிட வேண்டும்.

அடுத்த இணைப்பில் இந்தத் திருத்தத்தை, அளவுகளோடு சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

– ஒளிப்பதிவாளர் ஒருவர்,
சாலிகிராமம், சென்னை